நிர்வாகி

திரையின் வலது கீழ் மூலையில்
கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குடை.
வருடத்துக்கு எழுநூறு ரூபாய் கொடுத்து
நான் வைத்த காவல்.
மூன்று நாளாக அது விரியவில்லை.
தட்டினால் திறக்கும், உடனே மூடும்,
கதவுக்குப் பின்னால் நின்று யாரோ
கொண்டி போடுவதுபோல.

வெளியே எடவப்பாதி.
திங்கள்சந்தை பஸ்ஸ்டாண்டில்
எல்லோருக்கும் குடை இருந்தது.

மருந்தின் பெயரை அடித்தால்
தேடும் ஜன்னலே சாத்திக்கொள்கிறது.
மற்றதெல்லாம் வருகிறது.
ரப்பர் ஷீட் விலை வருகிறது, ஒட்டுப்பால் விலைகூட வருகிறது,
இரணியலில் ரயில் நிற்கும் நேரம் வருகிறது.
இது மட்டும் வராது.

"பழைய மெஷினாக்கும் அக்கா, சும்மா வைரஸ் வைரஸ்னு"
என்றான் விஜின்.
இருக்கலாம்.
ஆனால் மதில் ஏறுகிறவன்
முதலில் நாய்க்குத்தானே புரோட்டா போடுவான்?

மூன்று விசைகளை ஒருசேர அமுக்கினேன்,
உள்ளே யார் யார் ஓடுகிறார்கள் என்று பார்க்க.
ஒரு சின்னப் பெட்டி எழுந்து
ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது:
உங்கள் நிர்வாகி இதை முடக்கி வைத்திருக்கிறார்.

நிர்வாகியா?
மாடிப்படிக்கு அடியில் இந்த எட்டடிக் கடைக்கு
வாடகை கொடுப்பது நான்.
ஷட்டரைத் தூக்குவது நான்,
இடுப்புப் பிடிப்பதும் எனக்குத்தான்.
என் பெயரில் கையெழுத்திட்டு
எனக்கே தடை உத்தரவு எழுதுகிற
இந்த இன்னொரு செலின் யார்?

ரசாலம் அண்ணன்மேல்தான் பெரிய சந்தேகம்.
ஆட்டோ சாவியோடு கோர்த்த பென்டிரைவ்.
மூடி போன நாள் அவருக்கே தெரியாது,
துளைக்குள் குளச்சல் மணல்.
அடுத்து பாலிடெக்னிக் பையன்கள்.
அடுத்து, நெய்யூர் ஆஸ்பத்திரிப் பிள்ளை,
அடையாள அட்டைக் கயிற்றில் அதையும் தொங்கவிட்டிருப்பாள்.
அவள் சிரிப்பைக்கூட நினைத்து நினைத்துச்
சந்தேகப்பட்டேன்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
இணைய வயரைப் பிடுங்கிப் போட்டேன்.
வேறொரு கம்ப்யூட்டரில் எழுதி வாங்கிய சி.டி.,
விண்டோஸ் விழிக்குமுன் உள்ளே போகவேண்டும்.
தூங்குகிறவன் வாயைத் திறந்து
பல் எண்ணுகிற வேலை.
அறுபது சதவிகிதத்தில் கரண்டு போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.

ஒன்றேகாலுக்கு
நானூற்றுப் பன்னிரண்டு என்று நின்றது.
ஒன்றுக்கும் பெயர் என்று சொல்லும்படி பெயரில்லை.
அழிக்கவா என்று கேட்டது.
பொறு என்று சொல்லி
முதலில் வந்தவனின் தேதியைப் பார்த்தேன்.

மே பத்தொன்பது.

ரசாலம் அண்ணன் முதன்முதலாக வந்தது
ஜூன் இரண்டு. கணக்கு நோட்டில் இருக்கிறது:
பிரிண்ட் மூன்று, பாக்கி ஒரு ரூபாய்.

மே பத்தொன்பது ராத்திரி
ஒரு கல்யாண அழைப்பிதழுக்காக
இலவசம் என்று போட்டிருந்த எழுத்துரு மூட்டையை
இறக்கினேன்.
அது கேட்கத்தான் செய்தது:
காவலைச் சற்று நேரம் நிறுத்திக்கொள்ளலாமா?
சரி என்று தட்டியது
இந்த விரல்.
நல்ல எழுத்துரு. 'ழ'வின் வால் அத்தனை அழகு.

பெட்டி சொன்னது பொய்யில்லை.

அழித்தேன். குடை விரிந்தது.
விரிந்து என்ன செய்ய,
மே பத்தொன்பதிலிருந்து இங்கே குத்திய ஒவ்வொருவனும்
ஐந்து ரூபாய் கொடுத்து
என்னிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

காலையில் விஜினிடம் ஒன்றும் சொல்லவில்லை.
கணக்கு நோட்டை விரித்து வைத்து
ஒவ்வொரு நம்பராகப் போட்டேன்.
ஆஸ்பத்திரிப் பிள்ளை சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.
பாலிடெக்னிக்கில் இரண்டு பேர் எடுக்கவேயில்லை.

ரசாலம் அண்ணன் எடுத்தார். ஆட்டோ இரைச்சல், மழை.
"அண்ணே, அந்தப் பென்டிரைவை எதிலயும் குத்தாதீங்க."
"அது எனக்க கையில இல்லியே பிள்ளே.
தங்கச்சி மாப்பிளைக்கிட்ட குடுத்து விட்டாச்சு.
அவரு நேத்தே மஸ்கட்டுக்கு ஏறியாச்சு."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:
"என்னவாக்கும்,
அந்த ஒரு ரூவா பாக்கிக்கா கூப்பிட்ட?"